பற்றரி மட்டும் காரணமில்லை
நின்ற வாகனத்தில் மின்சாரம் எங்கே போகிறது?

காலை ஆறே முக்கால் மணி. மருதமுனையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு வீட்டு முற்றத்தில் பாடசாலை வான் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. இயந்திரம் அசையவில்லை. கல்முனைப் பாடசாலைகளுக்குச் செல்ல வேண்டிய பதினான்கு பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வீதியோரங்களில் காத்து நிற்கிறார்கள். தொலைபேசி விடாமல் அடிக்கிறது. அந்த வானின் சொந்தக்காரியான சகோதரி தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

யுத்த காலத்தில் கணவரை இழந்தவர் அவர். கைத்தறி நெய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். நெசவில் வருமானம் குறைந்தபோது, சீட்டுப் பணத்தோடு சகோதரர்களும் கொடுத்து உதவ, பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கினார். மகன் ஓட்டுகிறார். பிள்ளைகளின் மாதக் கட்டணமே அந்த வீட்டின் அடுப்பை எரிய வைக்கிறது.

வாழ்வாதார உதவி பெற்ற குடும்பங்களைப் பார்வையிடச் சென்ற நான், அன்று அந்த வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னது இதுதான்:

"என்னத்தச் செய்ற புள்ள? பற்றரி செத்துப் போச்சு, புதுசு போடுங்க ராத்தா எண்டு சொன்னாங்க. வளையல அடகு வெச்சிப் புதுசு வாங்கிப் போட்டன். ரெண்டு மாசமாகல்ல, அதுவும் இப்பிடித்தான் கிடக்கு. ரெண்டு தாய்மார் பிள்ளைகள வேற வானுக்கு மாத்திப் போட்டாங்க."

இக்கதை அவருடையது மட்டுமல்ல. முச்சக்கர வண்டி, மீன் ஏற்றும் சிறிய லொறி, வாடகைக்கு விடும் கார் என்று ஒரு வாகனத்தை நம்பி வாழும் பல குடும்பங்களில் இதைக் கேட்கலாம். பற்றரி இறங்கினால் பற்றரியை மாற்று என்பதே முதலில் கிடைக்கும் ஆலோசனை. ஆனால் பற்றரி இறங்குவது ஒரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். நோயைத் தேடாமல் அறிகுறிக்கு மருந்து வாங்கினால் பணமும் போகும், நோயும் நிற்காது. அந்த நோயைத் தேடும் வழி கடினமானதல்ல, நாமே செய்யக்கூடியது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நின்றுபோன வாகனங்கள்

எமது நாட்டில் வாகனங்கள் நீண்ட நாட்கள் நின்ற இரண்டு காலங்களை நாம் மறக்க முடியாது. 2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனா காரணமாக நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. வாகனங்கள் முற்றத்திலேயே கிடந்தன. பின்னர் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. பாடசாலைகளும் பல நாட்கள் மூடியிருந்தன. அதன்பின் வந்த கியூஆர் முறையில் தொடக்கத்தில் ஒரு முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. வரிசையில் நாட்கணக்கில் நின்ற வண்டிகளைத் தள்ளித் தள்ளித்தான் முன்னே கொண்டுபோனார்கள். ஓடாமல் நின்ற காரணத்தாலேயே பற்றரியைப் பறிகொடுத்தவர்கள் பலர்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் இருந்த பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். பழைய வாகனம் என்றால் பழைய வயர், பழைய சுவிட்ச். அத்தோடு இடையிடையே நாம் பூட்டிய பாட்டுச் செட், திருட்டு அலாரம், தொலைபேசிச் சார்ஜர், மேலதிக விளக்கு. போதாக்குறைக்கு எமது ஊர்கள் கடலோர ஊர்கள். கல்முனையிலிருந்து நிந்தவூர், ஒலுவில் வரை உப்புக் காற்று தகரத்தையும் செம்பையும் தின்கிறது. வாகனத்தின் சின்னஞ்சிறு சுவிட்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை.

பற்றரி என்ன செய்கிறது?

முற்காலத்தில் கார் இயந்திரத்தை முன்பக்கத்தில் இரும்புக் கைபிடியைப் பூட்டிச் சுழற்றித்தான் எழுப்பினார்கள். அதற்குப் பலமும் வேண்டும், கை தவறினால் எலும்பும் முறியும். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் ஸ்ராட்டரை உருவாக்க, 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் அது பொருத்தி வந்தது. ஆண்களின் தோள்பலம் இல்லாமலே யாரும் காரை எழுப்பலாம் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. பெண்கள் வாகனம் ஓட்டுவது பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் பற்றரியைப் பராமரிப்பது.

பற்றரியை வீட்டுத் தண்ணீர்த் தாங்கி போல நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவை 'அம்பியர் மணி' என்று அளக்கிறார்கள். வாகனம் ஓடும்போது டைனமோ அதை நிரப்புகிறது. எழுப்பும்போது ஸ்ராட்டர் ஒரே மூச்சில் இறைக்கிறது. வாகனம் நிற்கும்போது குழாய்கள் யாவும் மூடியிருக்க வேண்டும். மணிக்கூடு, அலாரம் போன்றவற்றுக்காகச் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் போவது வழமை. பெரும்பாலான வாகனங்களில் அது 0.05 அம்பியருக்கு மேற்படக் கூடாது. அதற்கு மேல் போனால் எங்கோ ஒரு குழாய் சரியாக மூடப்படவில்லை என்று பொருள்.

கணக்கைப் பாருங்கள். 45 அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றரியில் 0.05 அம்பியர் மட்டும் கசிந்தால், அது முற்றாக வெறுமையாக 900 மணித்தியாலங்கள், அதாவது ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். அதுவே 0.5 அம்பியர் கசிந்தால் 90 மணித்தியாலங்கள். நான்கு நாட்கள்கூட இல்லை. முற்றாக வெறுமையாக வேண்டும் என்பதுமில்லை. பாதி இறங்கினாலே டீசல் இயந்திரம் எழும்பத் தயங்கும்.

முதற் கேள்வி: பிழை யாரிடம்?

பணம் செலவழிக்க முன்னர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். பற்றரி பழுதா, அல்லது வாகனம் அதைக் குடிக்கிறதா? இதற்கு 10 இலக்க ஸ்பானர் ஒன்று இருந்தால் பெரும்பாலும் போதும்.

பற்றரியை முழுமையாகச் சார்ஜ் செய்து கொள்ளுங்கள். மாலையில் வாகனத்தை நிறுத்தியபின் பற்றரியின் நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றி, முனையில் படாதவாறு ஒதுக்கி வையுங்கள். வழமையாக எத்தனை நாள் நின்றால் இறங்குமோ அத்தனை நாள் விட்டுப் பின்னர் பூட்டி எழுப்பிப் பாருங்கள். உடனே எழும்பினால் பற்றரி நல்லது. வாகனத்தில்தான் கசிவு இருக்கிறது. கழற்றி வைத்தும் இறங்கியிருந்தால் பற்றரியே பழுது. அப்போது புதியது வாங்குவதில் பிழையில்லை.

கசிவு இல்லாமலும் பற்றரி இறங்கலாம். இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் டைனமோ நிரப்பவில்லை. இயந்திரத்தை நிறுத்திச் சில மணித்தியாலங்களின் பின்னர் அளந்தால் 12.6 வோல்ட் நிறைந்த பற்றரி, 12.2 பாதி, 12.0 கால்வாசிதான்.

பற்றரியின் மேற்பரப்பையும் பாருங்கள். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், அல்லது மேலே தூசியும் ஈரமும் சேர்ந்திருந்தால், அந்த அழுக்கின் வழியாகவே மின்சாரம் மெல்லக் கசியும். வயர்களைக் கழற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரினால் துடைத்து, உலர்ந்தபின் பூட்டி, முனைகளில் வசிலின் பூசிவிட்டால் உப்புக் காற்று நெருங்காது. நீர் பற்றரியின் உள்ளே போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

மருதமுனை முற்றத்தில்

எமது சகோதரியின் வானில் நெகட்டிவ் வயரைக் கழற்றி இரண்டு நாட்கள் வைத்தோம். மூன்றாம் நாள் காலை ஒரே திருப்பில் எழும்பியது. பிழை வானில்தான் என்பது தெளிவாகிவிட்டது.

அயலில் ஒருவர் இருக்கிறார். மத்திய கிழக்கில் பல வருடங்கள் வாகன மின்னியலாளராக வேலை செய்து திரும்பியவர். அவர் தனது மீற்றரோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். "நான் சொல்றன், நீங்க செய்யுங்க ராத்தா. அப்பதான் நாளைக்கு என்னத் தேடமாட்டிங்க" என்றார். சகோதரி முதலில் தயங்கினார். பின்னர் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி உம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். இது முக்கியம். நகை பற்றரியின் இரு முனைகளிலும் பட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

வேலை இந்த ஒழுங்கில் நடந்தது.

முதலில் வானின் எல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்தி, சாவியை எடுத்தார்கள். பியூஸ் பெட்டி உள்ளே இருப்பதால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும். அது அளவைக் குழப்பும். அதனால் முன்கதவுச் சுவிட்சை அழுத்தி நாடாவால் ஒட்டினார்கள்.

அடுத்து நெகட்டிவ் வயரைக் கழற்றி, கழன்ற வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையில் மீற்றரைத் தொடுத்தார்கள். பற்றரியிலிருந்து போகும் மின்சாரம் முழுவதும் மீற்றரின் ஊடாகவே போக வேண்டும். மீற்றரின் சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்க வேண்டும். இந்த நிலையில் சாவியைத் திருப்பவோ பெரிய விளக்கைப் போடவோ கூடாது. மீற்றர் எரிந்துவிடும்.

மீற்றர் 0.72 என்று காட்டியது.

"இதுதான் உங்கட கள்ளன்" என்றார் அயலவர். சகோதரி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். இரண்டு நாள் விடுமுறை என்றால் 48 மணித்தியாலங்கள். 0.72ஐ 48ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 35 அம்பியர் மணி. வானின் பற்றரியோ 70. பாதி போய்விடுகிறது. வேலை நாட்களில் காலையும் பகலும் ஓடுவதால் ஓரளவு நிரம்பி எழும்பிவிடும். விடுமுறை கழிந்த காலையில்தான் கிடையாகக் கிடக்கும். "ஓம், எப்பயும் லீவு முடிஞ்ச அண்டைக்குத்தான்" என்றார் அவர். அந்தச் சாட்சி ஆரம்பத்திலிருந்தே அவரிடம் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பின்னர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றி மீற்றரைப் பார்த்து, மாற்றமில்லையென்றால் அதே இடத்தில் பூட்டி அடுத்ததைக் கழற்ற வேண்டும். "தறியில இழ அறுந்தா இப்பிடித்தான் ஒண்டொண்டாப் பார்ப்பம்" என்று சொல்லிக்கொண்டே செய்தார். உள்விளக்குகளின் பியூஸ் கழன்றதும் 0.72 என்பது 0.30 ஆக இறங்கியது. அந்த வயரைத் தொடர்ந்து போனால், பின்கதவுக்கு மேலே ஒரு சிறிய விளக்கு. கதவு மூடியதும் அணைக்க வேண்டிய சுவிட்ச் உப்பில் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. 5 வோற் பல்ப் ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. விளக்கின் மூடி தூசியில் மங்கிவிட்டது. கடற்காற்றுப் படாமலிருக்க இரவில் வானுக்கு உறை போட்டுவிடுவார்கள். அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மீதி 0.30 இருக்கிறதே! மற்றைய பியூஸ்கள் எதைக் கழற்றினாலும் அந்த 0.30 அசையவில்லை. பியூஸ் பெட்டிக்குள் வராத ஒரு வயர் இருக்கிறது என்பதே இதன் பொருள். அயலவர் பற்றரியின் பொசிட்டிவ் முனையைக் காட்டினார். தடித்த வயரோடு மெல்லிய சிவப்பு வயர் ஒன்றும் முறுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் இஸ்லாமிய கீதம் கேட்பதற்காக மகன் பூட்டுவித்த அம்ப்ளிபயருக்கு அது போனது. பூட்டியவர் இலகுவாக இருக்கட்டும் என்று பற்றரியில் நேரடியாகவே கொடுத்திருக்கிறார். பாட்டு நின்றாலும் பெட்டி உறங்கவில்லை. பியூஸ் இல்லாத அந்த வயர் எங்காவது உராய்ந்து இரும்பில் பட்டிருந்தால் பிள்ளைகளோடு வான் தீப்பற்றியிருக்கவும் கூடும்.

வயரைக் கழற்றியதும் மீற்றர் 0.03 காட்டியது. அது வழமையான அளவு. ஒரு சுவிட்ச் மாற்றப்பட்டது. அம்ப்ளிபயரின் வயர், சாவி திருப்பும்போது மட்டும் மின்சாரம் கிடைக்குமாறு பியூஸோடு பூட்டப்பட்டது. இரண்டுக்கும் ஆன செலவு, புதிய பற்றரியின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

கவனிக்க வேண்டியவை

புதிய வாகனங்களில், குறிப்பாக ஹைபிரிட் கார்களில், உள்ளிருக்கும் கணினிகள் உறங்கச் சற்று நேரம் எடுக்கும். மீற்றரைத் தொடுத்து அரை மணித்தியாலமாவது பொறுத்தபின் வரும் அளவைத்தான் நம்பலாம். சில கார்களில் பற்றரியைக் கழற்றினால் செட் இரகசிய இலக்கம் கேட்கும்; அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற உறையுள்ள தடித்த வயர்கள் உயிராபத்தானவை. அவற்றில் கை வைக்க வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

எந்தப் பியூஸைக் கழற்றியும் அளவு இறங்காவிட்டால் டைனமோவையும் சந்தேகிக்கலாம். காலையில் இயந்திரத்தை எழுப்ப முன் டைனமோவில் கைவைத்துப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வாகனத்தில் அது குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் உள்ளிருக்கும் டயோட் பழுதாகி மின்சாரத்தைத் திருப்பி விடுகிறது.

டிக்கிக்குள் விளக்கு அணைகிறதா என்று அறியக் கைத்தொலைபேசியில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து மூடுங்கள். பின்னர் எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முச்சக்கர வண்டியின் பற்றரி சிறியது. காரில் நான்கு நாள் தாங்கும் கசிவு அங்கே மிக விரைவில் வேலையைக் காட்டும். அலங்கார விளக்குகளையும் சார்ஜரையும் முதலில் பாருங்கள்.

சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ வேண்டாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். உள்ளிருப்பது அமிலம். பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

"உங்களுக்கு விளங்காது"

எமது சகோதரிக்குப் புதிய பற்றரி விற்றவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. இறங்கிய பற்றரியைக் கண்டார், மாற்றச் சொன்னார். ஆனால் ஏன் இறங்கியது என்று கேட்டபோது, "அது உங்களுக்கு விளங்காது ராத்தா" என்று பதில் கிடைத்திருக்கிறது. பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் இந்த வசனத்துக்கு அடிக்கடி பணம் கட்டுகின்றன. யுத்தம் குடும்பப் பொறுப்பை எமது கைகளில் தந்தது. ஆனால் கருவிகளைப் பற்றிய அறிவு மட்டும் இன்னும் ஆண்களின் உடைமையாகவே கருதப்படுகிறது.

உலகின் முதலாவது நீண்ட தூரக் கார்ப் பயணத்தைச் செய்தவர் ஒரு பெண் என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1888 ஆகஸ்ட்டில் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற தாய், தன் கணவர் உருவாக்கிய காரில் இரு மகன்மாரோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றர் அளவில் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். மின்வயரின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். பட்டறையில் படித்தவரல்லர் அவர். பிழை எங்கே என்று பார்த்தார், கையிலிருந்ததைக் கொண்டு திருத்தினார்.

வாகன மின்னியலாளர் என்பது எமது நாட்டின் தேசிய தொழிற் தகைமை முறையில் சான்றிதழ் பெறக்கூடிய ஒரு தொழிலாகும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரிக்கலாம். சாதாரண தரத்தோடு வீட்டிலிருக்கும் மகள்மாருக்குத் தையலும் கேக் அலங்காரமும் மட்டுமே உண்டு என்று நாம் முடிவெடுத்து வைத்திருப்பதையும் ஒருமுறை யோசிக்க வேண்டும். பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்கள் எமது வீதிகளில் பெருகியிருக்கின்றன. அவற்றைத் திருத்தும் பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் போகாது.

அந்த வீட்டுக்கு மூன்று மாதங்களின் பின்னர் மீண்டும் போனேன். விடுமுறை கழிந்த காலைகளிலும் வான் எழும்புகிறது. மாறிப்போன பிள்ளைகளில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். வளையல் இன்னும் அடகில்தான். மாதாமாதம் வட்டியும் முதலுமாகக் கட்டுகிறார். தேவையில்லாமல் இரண்டு மூன்று முறை முற்றாக இறங்கியதால் அந்தப் புதிய பற்றரியின் ஆயுளும் குறைந்திருக்கும். அவர் மீற்றர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். நான் இருக்கும்போதே பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய மகனின் முச்சக்கர வண்டி காலையில் எழும்பவில்லையாம், பற்றரி வாங்கக் கடன் கேட்டு வந்திருக்கிறார்.

"காசு பிறகு பார்ப்பம். இண்டைக்கு ராவைக்கு அந்த நெகட்டிவ் வயரக் கழட்டி வெச்சிப் பாருங்க" என்றார் எமது சகோதரி.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் வாகனம் காலையில் கைவிட்டால், நகைப் பெட்டியைத் திறக்க முன்னர் நீங்களும் அந்த வயரை ஓர் இரவு கழற்றி வைத்துப் பாருங்கள்.